மீண்டும் தாலி கட்ட வேண்டுமா? ஜவ்வாது மலைப் பொன்விழா தந்த பாடம்



திருமண வெள்ளி விழா, பொன்விழா, வைர விழா என்று நம் பங்குகளில் நன்றித் திருப்பலிகள் இப்போது அடிக்கடி நடைபெறுகின்றன. பீடத்தின் முன் இரண்டு நாற்காலிகள், மாலை அணிந்த பெற்றோர், சுற்றிலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பார்ப்பதற்கே மனம் நிறைகிறது. ஆனால் இந்த விழாவில் நாம் உண்மையில் எதைக் கொண்டாடுகிறோம்? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நாளையா? அல்லது அந்த நாளுக்குப் பின் வந்த ஐம்பது ஆண்டுகளையா? ஜவ்வாது மலையில் வாழும் ஒரு வயதான தம்பதியர் நம்மிடம் கேட்ட கேள்வி இதைப் பற்றி நம்மை ஆழமாகச் சிந்திக்க வைத்தது. அவர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். ஆகவே பெயரையும் ஊரையும் தவிர்த்து, அந்தச் சிந்தனையை மட்டும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பாட்டியின் கேள்வி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். இங்கு வாழும் பழங்குடியினர் 'மலையாளிகள்' எனப்படுகின்றனர். இது கேரளத்தாரைக் குறிக்கும் சொல் அல்ல. மலைவாழ் மக்கள் என்பதே பொருள். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்களுடைய பயிர்கள். புளி, கடுக்காய், தேன், பலா, சீத்தாப்பழம் ஆகியவை மலை அவர்களுக்குத் தரும் கொடைகள்.

இந்த மலையில் உள்ள ஒரு சிற்றூருக்கு வீடு சந்திப்புக்காக வேதியரோடு சென்றிருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவரும் பாட்டியும் அமர்ந்திருந்தார்கள். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் அவர்களுடைய மூத்த மகனும் விடுமுறைக்கு வந்திருந்தார். பெற்றோருக்கு ஐம்பது ஆண்டு நிறைவு வருகிறது, கோயிலில் முறைப்படி திருமணம் செய்து வைக்க வேண்டும், புதுத் தாலி, மோதிரம், அடிவாரத்தில் மண்டபம், ஊருக்கெல்லாம் விருந்து என்று அவர் திட்டங்களை அடுக்கினார். இதற்காகக் கொஞ்சம் கடன் வாங்கவும் அவர் தயாராக இருந்தார். அவர்களுடைய உறவினர் ஒருவர், "கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்துக் கட்டாத தாலி தாலியே இல்லை" என்று சொல்லியிருந்தாராம்.

மகன் பேசி முடித்ததும் பாட்டி மெதுவாகக் கேட்டார்: "சாமி, எங்களுக்குக் கோயில்ல கண்ணாலம் நடக்கலை. மோதிரமும் மாத்திக்கலை. அப்போ நாங்க இத்தினி வருசம் குடும்பம் நடத்தினது ஆண்டவருக்கு முன்னாடி சரியில்லையா?"

அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. பல மாதங்களாக அவர் இதை மனத்தில் வைத்து வருந்தியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நற்கருணை வாங்கலாமா கூடாதா என்றுகூடச் சந்தேகம். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்த பெரியவர் அப்போது சொன்னார்: "இப்போ நான் மறுபடி தாலி கட்டினா, அன்னிக்குக் கட்டினது பொய்யின்னு ஆயிடாதா சாமி?"

அன்பார்ந்தவர்களே, நாம் குருமடத்தில் பல ஆண்டுகள் படித்த திருமண இறையியலின் சாரத்தை அந்தப் பெரியவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

தேதி இல்லாத திருமணம்

அவர்களுடைய திருமணத்திற்கு அழைப்பிதழ் இல்லை, புகைப்படம் இல்லை, பதிவேடும் இல்லை. எந்த ஆண்டு என்று கேட்டபோது பெரியவர் விரல்விட்டு எண்ணினார். காவலூரில் வானத்தைப் பார்க்கும் பெரிய கருவி வந்த பிறகு மூன்றாவது சாமை அறுவடை முடிந்த கையோடு திருமணம் நடந்தது என்றார். காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது 1972ஆம் ஆண்டு. அந்தக் கணக்குப்படி 1975ஆம் ஆண்டின் கடைசி என்று கொள்ளலாம். ஆக, 2025ஆம் ஆண்டின் அறுவடையோடு ஐம்பது ஆண்டுகள் நிறைவாகின்றன.

அந்தத் திருமணம் மலையின் முறைப்படி நடந்தது. அங்கே பழைய வழக்கம் பெண்வீட்டார் வரதட்சணை தருவதல்ல. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்வீட்டாருக்குப் பரிசம் தரவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இருவரும் சம்மதம் சொன்னார்கள், தாலி கட்டப்பட்டது, ஊரே கூடி உண்டது. அப்போது இருவருமே திருமுழுக்குப் பெற்றவர்கள் அல்லர். பல ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் பிறந்த பிறகே, குடும்பமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள்.

திருச்சபை என்ன போதிக்கிறது?

பாட்டியின் கேள்விக்குத் திருச்சபையின் பதில் தெளிவானது. அதை மூன்று படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவதாக, திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். 1983ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் சட்டம் இதைக் கூறுகிறது. சட்டப்படி திருமணம் செய்யத் தடையில்லாத ஓர் ஆணும் பெண்ணும் முறைப்படி தெரிவிக்கும் சம்மதமே திருமணம். அந்தச் சம்மதத்தை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது. மோதிரமும் தாலியும் அதன் அடையாளங்கள். அடையாளங்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அவை சம்மதத்தின் இடத்தைப் பிடிப்பதில்லை.

இரண்டாவதாக, குருவின் முன்னிலையிலும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் திருமணம் நடைபெற வேண்டும் என்ற விதி கத்தோலிக்கரைக் கட்டுப்படுத்துவது. மணமக்களில் ஒருவராவது கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவராகவோ அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவராகவோ இருந்தால்தான் இந்த விதி பொருந்தும் என்கிறது 1117ஆம் சட்டம். திருமுழுக்குப் பெறாத இருவர் தங்கள் சமூகத்தின் முறைப்படி செய்துகொண்ட திருமணத்தைத் திருச்சபை உண்மையான திருமணமாகவே மதிக்கிறது. ஏனெனில் திருமணம் படைப்பின் தொடக்கத்திலிருந்தே கடவுள் ஏற்படுத்தியது. ஆதாமுக்கும் ஏவாளுக்கும் ஆலயம் இருந்ததா? ஆபிரகாமும் சாராவும் எந்தப் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள்?

மூன்றாவதாக, அப்படி மணந்த இருவரும் பின்னர் திருமுழுக்குப் பெறும்போது அவர்களுடைய திருமணமும் அருள்சாதனமாகிறது. திருமுழுக்குப் பெற்றோருக்கு இடையே செல்லுபடியாகும் திருமணம் எதுவும் அருள்சாதனமாக இல்லாமல் இருக்க முடியாது என்று 1055ஆம் சட்டம் கூறுகிறது. இதற்கெனத் தனிச் சடங்கு தேவையில்லை. மீண்டும் வாக்குறுதி தேவையில்லை. தண்ணீர் அவர்கள் தலைமீது ஊற்றப்பட்டபோது அவர்களோடு அவர்களுடைய இல்லற வாழ்வும் கிறிஸ்துவுக்குள் வந்துவிட்டது.

ஆகவே பாட்டியிடம், "அம்மா, உங்கள் கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் இத்தனை ஆண்டுகளும் ஆண்டவருக்கு முன்பாகத்தான் குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள். தயங்காமல் நற்கருணை வாங்குங்கள்" என்று சொன்னோம். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரியவர் எழுந்து ஆட்டைக் கட்டப் போய்விட்டார்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. எல்லாருடைய நிலையும் இவர்களுடையது போன்றதல்ல. ஏற்கெனவே கத்தோலிக்கராக இருந்தவர் திருச்சபையின் முறைக்கு வெளியே, பதிவு அலுவலகத்திலோ வேறு முறையிலோ மட்டும் திருமணம் செய்திருந்தால், அந்தத் திருமணத்தைத் திருச்சபையில் சரிசெய்ய வேண்டும். அதற்கு வழிகளும் சட்டத்தில் உள்ளன. தம்பதியரில் ஒருவர் மட்டும் திருமுழுக்குப் பெற்றிருந்தால் அதை அணுகும் விதம் வேறு. இப்படிப்பட்ட சந்தேகம் யாருக்கு இருந்தாலும், உறவினர் சொல்வதைக் கேட்டு மனம் வெதும்பாமல், தங்கள் பங்குத்தந்தையிடம் தனியாக வந்து பேசட்டும். வயது எழுபதானாலும் எண்பதானாலும் வரலாம். கதவு திறந்தே இருக்கிறது.

அப்படியானால் பொன்விழாவில் என்ன செய்கிறோம்?

திருமணத்தின் இருபத்தைந்தாம், ஐம்பதாம், அறுபதாம் ஆண்டு நிறைவுகளைத் திருப்பலியோடு சிறப்பாக நினைவுகூர்வது தகும் என்று திருச்சபை சொல்கிறது. திருப்பலி நூலில் இருபத்தைந்தாம் ஆண்டுக்கும் ஐம்பதாம் ஆண்டுக்கும் தனித்தனி மன்றாட்டுகள் உள்ளன. மறையுரைக்குப் பிறகு தம்பதியர் அமைதியாகச் செபித்துத் தங்கள் இல்லற அர்ப்பணத்தை இறைவன் முன் நினைத்துப் பார்க்கலாம்; அல்லது ஒருவர் மற்றவருக்காக இறைவனுக்கு வாய்விட்டு நன்றி கூறலாம். மோதிரம் இருந்தால் அதை ஆசீர்வதிக்கலாம். ஆண்டவர் கற்பித்த செபத்திற்குப் பிறகு குரு அவர்கள்மீது ஆசிச் செபம் சொல்கிறார்.

இதில் எங்கும் திருமணச் சம்மதம் மறுபடி கேட்கப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஏனெனில் ஒருமுறை கொடுக்கப்பட்ட சம்மதம் தேய்ந்துபோவதில்லை. கட்டப்பட்ட தாலியை மீண்டும் கட்டத் தேவையில்லை. மணிவிழாவில் மறுபடி தாலி கட்டும் வழக்கத்தைச் சுற்றிலும் பார்த்துப் பழகியதால் நம் மக்களும் அதைக் கேட்கிறார்கள். பிள்ளைகளின் ஆசையில் அன்பு இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் புதுத் திருமணம் போன்ற தோற்றம் தரும்போது, நம் பெரியவர் அஞ்சியது போல, பழைய திருமணத்தை நாமே குறைத்து மதிப்பிட்டவர்களாகிவிடுவோம்.

பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின்படி ஐம்பதாவது ஆண்டு யூபிலி ஆண்டு. அந்த ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு, அடிமைக்கு விடுதலை, இழந்த நிலம் உரியவருக்குத் திரும்பும், அவரவர் தம் குடும்பத்திற்குத் திரும்புவர். பொன்விழா என்ற சொல்லைச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது. கடன் வாங்கி நடத்தும் விழா யூபிலி ஆகுமா? கடனிலிருந்து விடுதலை தரும் ஆண்டில் வயதான பெற்றோர் பெயரால் புதுக் கடன் ஏறலாமா? அந்த மகனிடம் இதைத்தான் சொன்னோம். அவர் முதலில் முகம் வாடினார். பிறகு, "அப்போ நாங்க எல்லாரும் ஊருக்கு வந்து நாலு நாள் இருக்கோம் ஃபாதர்" என்றார். குடும்பத்திற்குத் திரும்புவதுதானே யூபிலி!

எதற்காக நன்றி சொல்கிறோம்?

இனி நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நாம் எதைக் கொண்டாடுகிறோம்?

அந்தத் தம்பதியரின் ஒரு நாளைப் பாருங்கள். விடியுமுன் பாட்டி எழுந்து அடுப்பு மூட்டுகிறார். முழங்கால் வலி வந்த பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது பெரியவரின் வேலையாயிற்று. ஆண்கள் குடம் சுமப்பதை ஊரில் சிலர் கேலி செய்தார்களாம், அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார். சாமையை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்குவது எவ்வளவு கடினம் என்று மலைப் பெண்களுக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகள் அதைச் செய்த பாட்டியின் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது. இப்போது ரேஷன் அரிசி கிடைக்கிறது. மாவு மில்லும் இருக்கிறது. ஆனாலும் பெரியவருக்குச் சாமைச் சோறும் கொள்ளு ரசமும்தான் பிடிக்கும் என்று அவ்வப்போது உலக்கையைக் கையில் எடுக்கிறார். இப்போது உலக்கையின் மறுபக்கத்தைப் பெரியவரும் பிடிக்கிறார்.

அவருக்குக் காது மந்தம். இவருக்குக் கண் மங்கல். யாராவது வந்தால் பாட்டி கேட்டு அவருக்கு உரக்கச் சொல்கிறார். பெரியவர் பார்த்து யார் என்று இவருக்குச் சொல்கிறார். இரவில் களி தின்ற பிறகு இருவரும் செபமாலை சொல்கிறார்கள். மறைபொருள்களின் வரிசை சில நாள் தவறிப்போகிறதாம். ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்று உறுதி கூறினோம்.

சண்டையே வராதா என்று கேட்டோம். பாட்டி சிரித்தார். ஒருமுறை ஆடு விற்ற பணத்தைப் பெரியவர் அவரிடம் கேட்காமல் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் பாட்டி பேசவில்லை. பெரியவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நான்காம் நாள் காட்டுக்குப் போனவர் ஒரு தேனடை கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். "அதுக்கப்புறம் பேசாம எப்படி சாமி இருக்கிறது?" என்றார் பாட்டி.

குடும்ப வாழ்வுக்கு மூன்று சொற்கள் தேவை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அடிக்கடி கூறுவார்: அனுமதி கேட்கும் சொல், நன்றி கூறும் சொல், மன்னிப்புக் கேட்கும் சொல். 2016ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையிலும் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். நம் தமிழ்க் குடும்பங்களில், அதிலும் பழைய தலைமுறையினரிடத்தில், கணவன் மனைவியிடம் இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்வது அரிது. அவர்கள் அதைக் குடத்தாலும் தேனடையாலும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இதை ஒரு சாக்காக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. தேனடை கொண்டுவரத் தெரியாதவர்கள் வாயையாவது திறக்க வேண்டும்! கேட்காமல் பணத்தைக் கொடுத்தது தவறு என்று பெரியவருக்கும் தெரியும். அதன்பின் பாட்டியைக் கேட்காமல் அவர் ஓர் ஆட்டையும் விற்றதில்லை.

தோபித்தும் அன்னாவும்

விவிலியத்தில் ஒரு வயதான தம்பதியரின் வீட்டு வாழ்வை நெருக்கமாகக் காட்டும் நூல் தோபித்து. தோபித்து பார்வை இழக்கிறார். குடும்பத்தைக் காப்பாற்ற அவருடைய மனைவி அன்னா நெசவு வேலை செய்கிறார். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் தருகிறார்கள். வீட்டுக்குள் ஆட்டின் சத்தம் கேட்டதும் அது திருடியதோ என்று தோபித்து சந்தேகிக்கிறார். அன்னாவுக்குக் கோபம் வருகிறது. அவருடைய அறச்செயல்கள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டுவிடுகிறார். நேர்மையான மனிதர், உழைப்பாளியான மனைவி, ஆனாலும் ஓர் ஆட்டுக்குட்டியால் வீட்டில் சண்டை! தூய ஆவியார் இதையும் திருநூலில் இடம்பெறச் செய்திருக்கிறார் என்பது நமக்கெல்லாம் ஆறுதல் அல்லவா?

பின்பு அவர்களுடைய ஒரே மகன் தோபியா பணம் பெற்றுவர வெளிநாடு போகிறார். திரும்பிவரத் தாமதமாகிறது. அன்னா மகன் போன வழியை நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வருவான் என்று தோபித்து ஆறுதல் சொல்கிறார். ஆனால் அவர் உள்ளத்திலும் கவலைதான். ஜவ்வாது மலையிலும் இன்று பல வீடுகளில் இதே நிலை. பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் கடைசிப் பேருந்தின் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்கும் அன்னாக்கள் எத்தனை பேர்!

அதே நூலில் தோபியாவும் சாராவும் மணநாள் இரவில் செபிக்கிறார்கள். அவர்கள் கேட்ட வரம் என்ன தெரியுமா? செல்வமல்ல, புகழல்ல. இருவரும் ஒன்றாக முதுமை அடைய வேண்டும் என்பதே. இளமையின் வாசலில் நிற்கும் இருவர் முதுமையை வரமாகக் கேட்கிறார்கள்! சுருங்கிய முகத்தையும் நடுங்கும் கையையும் நாம் குறைகளாகப் பார்க்கிறோம். விவிலியமோ அதைக் கேட்கப்பட்ட செபத்தின் பலனாகப் பார்க்கிறது.

பொன்விழா காணாத புனிதர்கள்

நீண்ட இல்லற வாழ்வு இறைவனின் கொடை. ஆனால் ஆண்டுகளின் எண்ணிக்கைதான் புனிதத்தின் அளவு என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்றாக அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் தம்பதியர் இத்தாலியைச் சேர்ந்த லூயிஜியும் மரியா பெல்த்ராமே குவாத்ரோக்கியும் ஆவர். 1905ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் உரோமையின் புனித மரியா பெருங்கோவிலில் அவர்கள் மணந்தார்கள். லூயிஜி ஒரு வழக்குரைஞர். நான்கு பிள்ளைகள். மாலையில் குடும்பச் செபமாலை. நான்காவது குழந்தையைச் சுமந்தபோது தாயின் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்தும் அவர்கள் கருவை அழிக்க இசையவில்லை. தாயும் மகளும் பிழைத்தார்கள். 2001ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களை அருளாளர்களாக அறிவித்தார். பொதுவாகப் புனிதர்களின் திருநாள் அவர்கள் இறந்த நாளில் வரும். இவர்களுக்கோ திருமண நாளே திருநாளாக வைக்கப்பட்டது!

ஆனால் அவர்கள் பொன்விழாவைக் காணவில்லை. லூயிஜி 1951இல் இறந்தார். அப்போது திருமணமாகி ஏறத்தாழ 46 ஆண்டுகளே ஆகியிருந்தன. மரியா பதினான்கு ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து 1965இல் இறந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெற்றோரான லூயியும் செலியும் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். 1858இல் மணந்த அவர்கள் 19 ஆண்டுகளே ஒன்றாக வாழ்ந்தார்கள். 1877இல் செலி புற்றுநோயால் இறந்தார்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், பொன்விழாத் திருப்பலியின்போது பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சிலரை நாம் மறந்துவிடுகிறோம். துணையை இழந்தவர்கள். கைவிடப்பட்டவர்கள். ஜவ்வாது மலைக்கு இது வெறும் பேச்சல்ல. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர மாநிலம் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி 20 தமிழ்த் தொழிலாளர்கள் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்த மலைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஒரே நாளில் எத்தனை இளம்பெண்கள் தாலியை இழந்தார்கள்! அவர்களுடைய இல்லறத்திற்கு வெள்ளி விழாகூட வரப்போவதில்லை. ஆனால் தனியாக நின்று பிள்ளைகளை வளர்க்கும் அந்தத் தாய்மாரின் ஒவ்வொரு நாளும், கொடுத்த சம்மதத்திற்கு அவர்கள் காட்டும் உண்மைதான். ஆண்டவர் அதைக் கணக்கில் வைத்திருக்கிறார்.

அந்த நாள்

சாமை அறுவடை முடிந்த பின், ஒரு ஞாயிறு அன்று, மலைமேல் உள்ள அந்தச் சிற்றாலயத்தில் பொன்விழாத் திருப்பலி நடந்தது. மண்டபம் இல்லை. புதுத் தாலி இல்லை. பிள்ளைகள் வாங்கி வந்த புதுச் சேலையும் வேட்டியும் மட்டும் உண்டு. காணிக்கைப் பவனியில் பெரியவர் அந்த ஆண்டு விளைந்த சாமையை ஒரு முறத்திலும், பாட்டி ஒரு குப்பியில் தேனும் கொண்டுவந்தார்கள். மறையுரைக்குப் பின் ஒருவருக்காக ஒருவர் இறைவனுக்கு நன்றி சொல்லும்படி கேட்டோம். பெரியவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. பாட்டி அவர் காதருகே குனிந்து, "ஆண்டவருக்கு நன்றி சொல்லணுமாம்" என்றார். அவர் சற்று நேரம் நின்றார். பிறகு பீடத்தைப் பார்த்து, "இவளைக் கொடுத்ததுக்கு நன்றி ஆண்டவரே" என்றார். ஐம்பது ஆண்டில் அவர் வாயிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை என்று பாட்டி பிறகு நம்மிடம் சொன்னார்.

விசுவாசிகள் மன்றாட்டில் துணையை இழந்த எல்லாருக்காகவும் பெயர் சொல்லிச் செபித்தோம். திருப்பலி முடிந்ததும் பாட்டி முதலில் போய்ப் பேசியது பின்வரிசையில் இருந்த ஓர் இளம் கைம்பெண்ணிடம்தான். என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை.

அன்பார்ந்தவர்களே, உங்கள் பங்கில், உங்கள் அன்பியத்தில் இப்படிப்பட்ட முதிய தம்பதியர் இருப்பார்கள். பதிவேட்டில் தேதி இல்லாததால் விழா எடுக்கப்படாமல் போனவர்களும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். தேதி தெரியாவிட்டால் அறுவடையைக் கேளுங்கள், வெள்ளம் வந்த ஆண்டைக் கேளுங்கள், கணக்கு வந்துவிடும். அவர்கள் உள்ளத்தில் பாட்டிக்கு இருந்தது போன்ற பயம் எதுவும் இருந்தால் பங்குத்தந்தையிடம் அழைத்துவாருங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் உலக நாள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் நான்காம் ஞாயிறு வருகிறது. அன்றாவது அவர்களுக்காக ஒரு நன்றித் திருப்பலி வைக்கலாமே!

வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெற்றோருக்கு நீங்கள் புதுத் திருமணம் செய்து வைக்க வேண்டியதில்லை. நடந்த திருமணத்தின் பலன் நீங்கள்தான். நாலு நாள் வந்து அவர்களோடு இருங்கள். குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

கணவன் மனைவியராக வாழும் நாம் சந்தித்த, சந்திக்கவிருக்கும் எல்லாரையும், தனிமையில் வாழும் முதியோரையும், சூசையப்பரின் உறுதியான துணையிலும் அன்னை மரியாளின் பரிந்துரையிலும் ஒப்படைக்கிறோம். கானாவூர்த் திருமண வீட்டுக்கு வந்த ஆண்டவர் உங்கள் வீட்டுத் திண்ணைக்கும் வருவாராக. இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.